இடது கண் கேட்ட கேள்வி

எல்லோரும் அவளை மையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வங்கிக்கும் வாக்குச்சாவடிக்கும் மட்டும் பயன்பட்டது. சாவி வெட்டும் கடைக்கு மேலே, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத மாடிப்படியின் முடிவில் அந்த அழகு நிலையம் இருந்தது. முடிக்கு நாத்தனார், கண்ணுக்கு மையக்கா. கடை நாத்தனார் பெயரில் இருந்தது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் மையக்காவைத் தேடித்தான் வருகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்ததை இருவரும் பேசிக்கொள்வதில்லை. அதனால் கடையும் ஓடியது, குடும்பமும் ஓடியது.

மையக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. கண்ணுக்கும் வயசாகிறது, அதற்கேற்ற மாதிரிதான் மை போட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "வயசு என்ன?" என்பதுதான். பெண்கள் ஒரு நொடி யோசித்து, மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போட்டு, வந்த விடையைச் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காமலே மையக்கா கட்டை விரலால் இமையை லேசாக மேலே தூக்கிப் பார்ப்பாள்.

"நீங்க சொல்ல வேணாம். இமை சொல்லிடுச்சு."

கல்லூரிப் பெண்கள் மினுமினுப்பைக் கேட்டு வந்தால், "இருபது வயசுல இமை தானா மினுங்கும், அதுக்கு மேல எதுக்கு வெள்ளையடிக்கணும்?" என்பாள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் மினுக்கும் தூளை ஒதுக்கி வைத்துவிடுவாள். மடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் அது உட்கார்ந்துகொண்டு, 'இதோ மடிப்பு, இதோ மடிப்பு' என்று ஊருக்குச் சொல்லும். கறுப்பு மை பழுப்புக்கு மாற வேண்டும். கீழ் இமையில் கோடு கூடாது. கீழே போட்டால் முகமே கீழே இறங்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், தோலை இழுத்துப் பிடித்து வரையக் கூடாது. இளம் இமை ரப்பர் மாதிரி, விட்டதும் பழையபடி நிற்கும். முதிர்ந்த இமையை இழுத்து நேர்கோடு போட்டுவிட்டு விரலை எடுத்தால், கோடு அலையலையாகச் சுருங்கிவிடும். ஆகவே கண்ணைத் திறந்து வைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் வரைய வேண்டும்.

இதையெல்லாம் அவள் நயமாகச் சொல்கிறவள் இல்லை. ஒரு பள்ளித் தலைமையாசிரியை, இமை முழுக்க ஆகாய நீலம் பூசிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இந்த நீலத்த எப்பலேர்ந்து போடறீங்க?"

"வேலைல சேர்ந்ததுலேர்ந்து."

"இமை ரிட்டயர் ஆயிடுச்சு டீச்சர். நீலம் மட்டும் இன்னும் வேலை பாத்துட்டிருக்கு."

தலைமையாசிரியை வாழ்நாளில் பிள்ளைகளைப் பேசாமல் உட்கார வைத்தவர். அன்று அவரே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார்.

இன்னொருத்தி இளம் வக்கீல். அவளுக்கு வேறு தலைவலி. "நீதிபதி என்னைப் பாத்து, உங்க சீனியர் வரலையாம்மான்னு கேக்கறாரு அக்கா. என்னைக் கொஞ்சம் கிழவியாக்குங்க." மையக்கா அவள் புருவத்தின் வளைவைத் தட்டையாக்கி, இமைக்குழியில் மண் நிறத்தை ஏற்றி, பளபளப்பையெல்லாம் ஒற்றி எடுத்து, ஒரே அமர்வில் நாற்பது வயதாக்கி அனுப்பினாள். மறுநாளிலிருந்து கட்சிக்காரர்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். அவளைப் பெற்ற தாய் மட்டும் மையக்காவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இப்படி ஊர்க் கண்களுக்கெல்லாம் வயது பார்த்த மையக்காவின் சொந்தக் கண்ணில், மீன் வால் மாதிரி முனை தூக்கிய கெட்டிக் கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வயதில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கட்டடத்தின் லிஃப்டில் சிக்கிக்கொண்டாள். கதவை நெம்பித் திறந்த மெக்கானிக், உள்ளே இருந்த கண்ணைப் பார்த்து, கையிலிருந்த கருவியைக் கீழே குழிக்குள் தவறவிட்டான். பிறகு அவளையே கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அந்தக் கோடு மாறவில்லை. மையக்காவுக்கு ஐம்பத்தொன்று ஆகியும் தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, இமையை இழுத்துப் பிடித்து, பார்க்காமலே வரைந்துகொண்டு கடைக்குப் போனாள்.

பார்க்காமலே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களாகவே அவளுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமானால் கையை நீட்டிக்கொண்டே போய், கை நீளம் போதாமல் நின்றாள். வேலையில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வாடிக்கையாளர் முகத்திலிருந்து இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்ந்து, கையை முழுக்க நீட்டி, தலையை ஒருக்களித்துக்கொண்டு வரைவாள். தூரத்தில் நின்றால் முகம் தெளிவாக இருந்தது.

"அண்ணி, எதுக்கு இப்படிச் சாயறீங்க? முதுகு புடிச்சுக்கப் போகுது," என்று நாத்தனார் கேட்டதுண்டு.

"கிட்டப் போனா முகம் தெரியாது பாப்பா. முழுசாப் பாக்கணும்னா தள்ளி நிக்கணும்," என்று மையக்கா சொன்னாள். பாப்பா என்பது நாத்தனாரின் வீட்டுப் பெயர். கடைக்குட்டியாகப் பிறந்த தோஷத்தால் நாற்பத்தாறு வயதிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பதில் வாடிக்கையாளர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிய கைக்காரர்கள் இப்படித்தான் சாய்வார்கள் என்று பேச்சு பரவியது. அடுத்த தெருவில் புதிதாகத் திறந்த அழகு நிலையத்தில், கழுகுப் பார்வை உள்ள சின்னப் பெண்கள் எல்லாம் பின்னால் சாய்ந்து வரைய ஆரம்பித்தார்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே என்று கணவன் ஒரு முறை சொன்னான். அவன் வெகுநாளாகக் கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடி தொங்கவிட்டிருந்தான். மையக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "கண்ணாடி போட்டா வயசு தெரியும்" என்றாள். பேச்சு அங்கே முடிந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவள் வாழ்க்கையில் செய்தி வாசிக்கிற அம்மா வந்தார். ஊரில் பாதி வீடுகளில் மாலை ஏழு மணிக்கு அவர் முகம்தான் தெரியும். தொலைக்காட்சி நிலையம் புதுக் கேமராக்கள் வாங்கியிருந்தது; அவை முகத்தில் இருப்பதையெல்லாம் காட்டின. செய்தியம்மாவுக்கு நாற்பத்தொன்பது. நிலையத்தின் கணக்கில் நாற்பத்திரண்டு. அந்த இடைவெளியை மூட மையக்கா தினமும் மாலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போய்வர ஏற்பாடாயிற்று. என்ன மூடினாலும், அவரை எடுத்துவிட்டு ஒரு சின்னப் பெண்ணைப் போடப் போகிறார்கள் என்று ஒப்பனை அறை முழுக்கப் பேச்சு. அது காதுக்கு எட்டாதவர் செய்தியம்மா ஒருவர்தான். தான் வாசிப்பதை ஒரு வார்த்தை விடாமல் நம்புகிற பிறவி அவர். மழை வரும் என்று அவரே வாசித்துவிட்டு, வானம் வெளிவாங்கியிருந்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அன்று மாலை நிலையத்தின் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. மையக்கா பெட்டியோடு மாடி மாடியாக ஏறினாள். லிஃப்டைப் பராமரிக்கிறவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு ஏறினாள். ஒரு திருப்பத்தில், பாதி திறந்த லிஃப்ட் கதவுக்குள் தலையை விட்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். கணவன்.

"குரல் கேட்டதுமே நீதான்னு தெரிஞ்சிடுச்சு," என்றான்.

"வாய் பேசாம வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது செய்தி ஆரம்பிக்க நேரம் நெருங்கிவிட்டது. வலது கண்ணை எப்போதும்போலச் சாய்ந்து நின்று முடித்தாள். இடது கண்ணுக்கு வரும்போது ஸ்டுடியோ மேற்பார்வையாளன் கதவைத் திறந்துகொண்டு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். அந்த அறை அகலமில்லாதது.

"அக்கா, டைம் ஆச்சு. டைம் ஆச்சு."

"நகருங்க தம்பி. நான் கொஞ்சம் பின்னால வரணும்."

"பின்னால எதுக்குக்கா? கண்ணு முன்னாலதானே இருக்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். மையக்கா சொல்லவில்லை. சாய இடமில்லாமல், முகத்துக்குக் கிட்டவே நின்று, பனிக்குள் தெரிகிற மரம் மாதிரி இருந்த அந்த இடது கண்ணில் கை பழக்கத்தை நம்பி வரைந்தாள். புருவத்தின் வாலையும் நிரப்பினாள். செய்தியம்மா எழுந்து ஓடினார்.

தாழ்வாரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று உயரத்தில் மாட்டியிருந்தது. மையக்காவுக்குத் தூரத்துப் பார்வை நன்றாகவே தெரியும். அதனால் நடந்தது முழுவதையும் அவள் தெளிவாகப் பார்த்தாள். இடது கண்ணின் கோடு வலதை விட மேலே ஏறி முடிந்திருந்தது. புருவ வாலும் கூடவே ஏறியிருந்தது. மொத்தத்தில் செய்தியம்மா ஒரு புருவத்தை உயர்த்திக்கொண்டு உலகத்தைப் பார்த்தார். முதல் செய்தி குடிநீர்.

"நகரில் குடிநீர்த் தட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அமைச்சர் தெரிவித்துள்ளார்," என்று வாய் சொன்னது. "அப்படியா?" என்றது இடது கண்.

அன்று ஊரில் பாதி வீடுகளில் குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது. கையில் குடத்தோடு டீவி பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அனைத்துச் சாலைகளும் செப்பனிடப்பட்டுவிட்டதாக" அடுத்த செய்தி. அப்படியா? "மக்கள் மகிழ்ச்சியுடன் இருப்பதாக" மூன்றாவது. கண் அதையும் நம்பவில்லை. செய்தியம்மா வெளியே வருவதற்குள் மையக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். லிஃப்ட் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. அவளுக்குத்தான் நின்று காத்திருக்கத் தெம்பில்லை.

மறுநாள் அந்தத் துண்டுக் காட்சி எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. "இத்தனை வருஷத்துல நம்மள மாதிரி யோசிக்கிற ஒரு செய்தி வாசிப்பாளர்," என்று எழுதினார்கள். "அந்தப் புருவத்துக்கு ஒரு ஓட்டு," என்றார்கள். சாவிக் கடைக்காரர் படியேறி வந்து காட்டிவிட்டுப் போனார்.

செய்தி ஆசிரியர் மையக்காவைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துத்தான் போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"நேத்து போட்ட கண்ணு யாரோட யோசனை?"

"சார், அது வந்து..."

"பிரமாதம். தினமும் அதே கண்ணு வேணும். அம்மாவை மாத்தற பேச்செல்லாம் இப்ப இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செய்தியம்மா விழித்தார். "நான் ஒண்ணுமே பண்ணலையே சார். எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சேன்."

"அதான் அழகே! அப்படியே பண்ணாம இருங்க."

சிக்கல் அன்று மாலையே தொடங்கியது. தவறாக வரைந்ததை மறுபடி அதே தவறாக வரைவது எப்படி? மையக்கா சாய்ந்து வரைந்தால் இரண்டு கண்ணும் ஒரே அச்சாக வந்தன. கிட்டப் போய் வரைந்தால் கோடு ஏதோ ஒரு திசையில் போயிற்று. ஒரு நாள் செய்தியம்மா தூங்கி வழிவது போலத் தெரிந்தார், இன்னொரு நாள் யாரையோ பார்த்துக் கண்ணடிப்பது போல. பயந்துபோய் அதற்கடுத்த நாள் சமமாகவே போட்டு அனுப்பினாள். அன்று ஊர் கொந்தளித்தது. "அந்தக் கண் எங்கே? மிரட்டிவிட்டார்களா?" என்று கேள்விகள் பறந்தன. யாரோ ஒருவர் கறுப்பு மையால் ஒற்றைப் புருவம் வரைந்த பலகையோடு நிலையத்து வாசலில் போய் நின்றார். இன்னொரு பக்கம் அமைச்சர் அலுவலகத்திலிருந்து, தங்கள் அறிக்கையை வாசிக்கையில் இரு கண்களும் சமமாக இருந்தால் நல்லது என்று வேண்டுகோள் வந்தது. செய்தி ஆசிரியர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"நாளைக்கு அந்தக் கண்ணு வந்தாகணும்," என்றார்.

மறுநாள் காலையில் கடை நாற்காலியில் ஒரு கண் மருத்துவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ மாநாட்டில் பேசப் போகிறவர், ஐம்பதை ஒட்டிய பெண்மணி. மையக்கா வழக்கம்போலச் சாய்ந்தாள். கண் மருத்துவர் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால், அதுதானே மையக்காவின் முறை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா இப்படிச் சாயறீங்க?"

"அது எங்க முறைங்க டாக்டர். தள்ளி நின்னாத்தான் முகம் முழுசா..."

"இது முறை இல்லம்மா. வெள்ளெழுத்து. எனக்கும் இருக்கு." பையைத் திறந்து தன் கண்ணாடியை எடுத்து மையக்காவின் மூக்கில் மாட்டிவிட்டார். "உங்க வயசுக்கு இதுதான் சரியா இருக்கும்."

உங்க வயசுக்கு என்ற சொல்லை மையக்கா எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளிடம் யாரும் சொன்னதில்லை. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்குள் பார்வை வந்துவிட்டது. மருத்துவரின் கன்னத்து ரோமம் தெரிந்தது. கையிலிருந்த பென்சிலின் மேல் பொடி எழுத்து தெரிந்தது. திரும்பினாள். சுவர்க் கண்ணாடியில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் இமையில் ஒரு கறுப்புக் கோடு, மடிப்பில் இறங்கி, மேட்டில் ஏறி, மறுபடி இறங்கி, நடுங்கிக்கொண்டே போய், மீன் வாலாக முடிய வேண்டிய இடத்தில் ஒரு சிறு குட்டையாகத் தேங்கி நின்றது.

மருத்துவரை எப்படி முடித்து அனுப்பினாள் என்று அவளுக்கு நினைவில்லை. படியில் அவர் காலடி ஓய்ந்ததும் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, என் கண்ணு எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

நாத்தனார் சீப்பிலிருந்த முடியை மும்முரமாக எடுத்துக்கொண்டிருந்தாள். "எப்படி அண்ணி?"

"விளையாடாத. கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"கொஞ்ச வருஷமா. நீங்க வேணும்னுதான் அப்படிப் போடறீங்கன்னு நெனச்சேன். கஸ்டமருங்களும் அது ஒரு ஸ்டைலுன்னுதான் பேசிக்கறாங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க டீச்சர்கிட்ட சொன்ன மாதிரி சொல்லணும்னா எனக்கு வாய் வராது அண்ணி. மெல்லமா சொன்னா உங்களுக்குக் காது கேக்காது."

வீட்டுக்குப் போய்க் கணவனைப் பிடித்தாள். அவன் கயிற்றுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நன்றாகப் பார்த்தான்.

"சரியாத்தான் இருக்கு. எனக்கு எப்பவும் இப்படித்தான் தெரியும்."

"கண்ணாடிய மாட்டிட்டுப் பாருங்க."

மாட்டிக்கொண்டு பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஏறக்குறைய முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவன். வாயை மூடிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

அன்றே மையக்கா கண்ணாடி வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டுக் காட்சியைக் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கோடு எங்கே தொடங்கி எங்கே தூக்கியது, புருவ வால் எவ்வளவு ஏறியது, இமைக்குழி நிழல் எந்தப் பக்கம் சாய்ந்தது, எல்லாம் தெரிந்தது. கிழங்கட்டைக் கண் போட்ட கோட்டை நல்ல கண் படித்துக்கொண்டது. மாலையில் செய்தியம்மாவின் முகத்துக்கு மிக அருகே போய், சாயாமல், அளந்து, நிதானமாக அந்தத் தவறை வரைந்தாள். மேற்பார்வையாளன் முதுகுக்குப் பின்னால் நின்றான். நின்றால் நிற்கட்டும்.

"பயிர்க்கடன் அனைவருக்கும் சென்று சேர்ந்துள்ளது," என்றார் செய்தியம்மா. அப்படியா? ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

தன் கண்ணைத் திருத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. கண்ணாடி போட்டால் இமையைத் தொட முடியவில்லை, கழற்றினால் இமை தெரியவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் வரைந்தவளுக்குத் தன் கண் எட்டாமல் போயிற்று. இரண்டு நாள் வெறும் கண்ணோடு கடைக்கு வந்தாள். "உடம்பு சரியில்லையா?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். மூன்றாம் நாள் வாடிக்கையாளர் யாரும் இல்லாத மதியத்தில், நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"பாப்பா, நீ போடு."

"நானா? எனக்கு முடி மட்டும்தான் வரும் அண்ணி."

"நான் சொல்றபடி போடு. இழுக்காத. கண்ணத் திறந்துதான் வெச்சிருக்கேன், மடிப்பப் பாரு. பழுப்பு எடு. அது இல்ல, பக்கத்துல."

நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். சின்ன வயதிலிருந்து அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று அவளுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். "அண்ணி, ஆடாம இருங்க. வயசுக்கேத்த மாதிரி கொஞ்சம் அமைதியா உக்காருங்க," என்றாள். மையக்கா உட்கார்ந்தாள். முடிந்ததும் எழுந்து பார்த்தாள். மெல்லிய பழுப்புக் கோடு; வெளி மூலையில் மட்டும். நன்றாகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எந்த மெக்கானிக்கும் கருவியைத் தவறவிட மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அந்தக் கண்ணாடி அவள் கண்ணை ஒன்றரை மடங்கு பெரிதாகக் காட்டியது. அன்று மாலை வந்தவர்கள், "கண்ணு என்னக்கா இவ்வளவு அழகா, பெருசா இருக்கு? புதுசா என்ன போட்டீங்க?" என்று கேட்டார்கள். பூதக்கண்ணாடி என்று அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு கடைக்குப் புதுவிதக் கூட்டம் வந்தது. இருபது வயதுப் பெண்கள் படியில் வரிசையாக நின்று, செய்தியம்மாவின் கண் வேண்டும் என்றார்கள். ஒரு நாற்பத்தொன்பது வயது இமையின் தொய்வை, தொய்வே இல்லாத இமைகளில் நிழல் பூசி வரவழைக்க வேண்டியிருந்தது. காலமெல்லாம் வயதை இறக்கிச் சம்பாதித்த கை, இப்போது ஏற்றிச் சம்பாதித்தது.

செய்தியம்மாதான் மெல்ல மாறிக்கொண்டு வந்தார். முதலில் தன் கண் என்ன சொல்கிறது என்று அவருக்கே புரியாமல் இருந்தது. ஜனங்கள் எழுதுவதைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டார். ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"மையக்கா, உங்க தெருவுல தண்ணி வருதா?"

"மாசக்கணக்கா தண்ணி லாரிதான் மேடம்."

"எங்க தெருவுலயும்தான். நான் எங்க தெருவுல மட்டும் குழாய் ரிப்பேர்னு நெனச்சிட்டிருந்தேன்."

அன்று மாலை குடிநீர் பற்றி மறுபடியும் ஒரு அறிக்கை வந்தது. செய்தியம்மா அதை முழுக்க வாசித்தார். வாசித்துவிட்டு, அடுத்த தாளை எடுக்காமல், கேமராவைப் பார்த்து வாயாலேயே, "அப்படியா?" என்று கேட்டார்.

இடது கண் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். நிலையம் அதை விளம்பரப் பலகையில் போட்டுக் கொண்டாடிய கேள்விதான். ஆனால் கண் கேட்டால் அது கலை, வாய் கேட்டால் ஒழுங்கு மீறல் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. செய்தி ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு ஒரு இருபத்தாறு வயதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அந்தக் கண்ணையே போட்டுவிடச் சொன்னார்கள். மையக்கா மாட்டேன் என்றாள். அடுத்த தெருக் கடைப் பெண் ஒருத்தி வந்து, பின்னால் சாய்ந்து நின்று, போட்டுவிட்டாள்.

செய்தியம்மாவை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை. ஜனங்கள் சும்மா விட மாட்டார்கள். காலை பதினொரு மணிக்குப் பெண்களுக்கான நிகழ்ச்சி ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். யாருக்கும் கெடுதல் வராத இடம் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதல் வாரம் 'வயதுக்கேற்ற கண்' என்ற தலைப்பு. விருந்தாளி மையக்கா. ஒரு பிளாஸ்டிக் செடிக்கு இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். மையக்காவின் கண்ணாடியில் விளக்கு பளிச்சிடுகிறது, கழற்றச் சொல்லுங்கள் என்று கேமராக்காரன் கெஞ்சினான். அவள் கழற்றவில்லை. நேரடியாகத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. மையக்கா கறாராகப் பதில் சொல்லிக்கொண்டே போனாள். நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஒரு பெண்மணி அழைத்தார்.

"வயசு என்னம்மா?" என்றாள் மையக்கா.

"அறுபத்தெட்டு." கழித்தல் எதுவும் இல்லாமல் வந்தது பதில்.

"இப்ப கண்ணுக்கு என்ன போடறீங்க?"

"ஒண்ணும் போட்டதில்லைங்க. சின்ன வயசுல ஆசைப்பட்டேன், அப்பா திட்டினாரு. கல்யாணத்துக்கு அப்புறம் அவரு திட்டினாரு. அப்புறம் பையன், என்னம்மா இந்த வயசுலன்னு கேட்டான். இப்ப அப்பா இல்ல, அவரும் இல்ல, பையன் வேற ஊர்ல. திட்டறதுக்கு ஆள் இல்லாத நேரமாப் பாத்து ஆரம்பிச்சிடலாம்னு தோணுது. மருமக விட்டுட்டுப் போன பென்சில் ஒண்ணு கையில இருக்கு. எங்கேர்ந்து தொடங்கணும்?"

மையக்கா எந்த வயதுக்கும் பதில் வைத்திருந்தவள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளிடம் வந்த எல்லோருமே ஏற்கனவே தொடங்கியவர்கள். கேமராவுக்குப் பின்னால் மேற்பார்வையாளன் கழுத்தை வெட்டுவது போலக் கையைக் காட்டினான். விளம்பர நேரம். செய்தியம்மா அவனைப் பார்த்தார், பிறகு பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பக்கத்துல முகம் பாக்கற கண்ணாடி இருக்காம்மா?"

"இருக்கு."

"சன்னல் கிட்டக் கொண்டு போங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஒளிபரப்பை நிலையத்தாரே நிறுத்திவிட்டு விளம்பரம் போட்டார்கள். ஊருக்குத் தலைச்சாயத்தின் பெருமை தெரிய ஆரம்பித்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தொலைபேசி இணைப்பைத் துண்டிக்க வந்த ஊழியரைச் செய்தியம்மா கையமர்த்தி நிறுத்தினார். மையக்கா அரையிருட்டில் பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் ஒலிக்கருவியோடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். மெதுவா. அழுத்தாதீங்க. பாதியில நின்னா பரவாயில்ல, நின்ன இடத்துலேர்ந்து தொடருங்க.

மறுமுனையில் பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

"என்னங்க இது, யாரோ மாதிரி இருக்கேன். கோணலா வேற வந்திருக்கு. துடைச்சிடட்டுமா?"

"வேணாம்மா," என்றாள் மையக்கா. "சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்."